எதிர்க்க ஓர் ஆள்

"நான் உயிரோட இருக்கிற வரைக்கும் இந்தக் கிருமி எங்க பில்டிங் குழாய்ல இறங்காது!" என்று அந்த மனிதர் மேஜையில் ஓங்கிக் குத்தினார். தண்ணீர் டம்ளர்கள் குலுங்கின.

கிருமியம்மாவுக்குப் புல்லரித்தது. கைதட்டப் போனவள், கையை மடியில் அழுத்தி வைத்துக்கொண்டாள்.

ஆபீசில் அவளுக்கு அதுதான் பெயர். சமையலறைக் குழாயை அடைக்கும் எண்ணெய்ப் பிசுக்கைத் தின்று தீர்ப்பதற்கென்றே, மரபணுவை மாற்றி ஒரு நுண்ணுயிரை உருவாக்கியிருந்தாள். வருடக்கணக்கான உழைப்பு. பெற்ற பிள்ளையைக்கூட அவள் இத்தனை தடவை உற்றுப் பார்த்ததில்லை.

அதைப் பாட்டிலில் அடைத்து விற்க அனுமதி வேண்டுமென்றால், பொதுமக்களைக் கூட்டி அவர்களுடைய ஆட்சேபணைகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். கூட்டம் போட்டார்கள், ஈ காக்கை வரவில்லை. மறுபடி போட்டார்கள், மழைக்கு ஒதுங்கிய ஒருவர் பிஸ்கட் தின்றுவிட்டுப் போனார். "எதிர்க்க ஆளே வரலைன்னா நீங்க ஜனங்ககிட்ட ஒழுங்காச் சொல்லலைன்னு அர்த்தம்" என்று அனுமதி தரும் குழு தள்ளிவைத்துவிட்டது. இந்தத் தடவையும் நடக்காவிட்டால் ஆராய்ச்சிக்கூடத்தை இழுத்து மூடிவிடுவதாக முதலாளி சொல்லிவிட்டார்.

அதனால்தான் மேனேஜர் இந்த ஏற்பாட்டைச் செய்தார். "நாடகத்துல நடிக்கிற ஒருத்தரப் புடிச்சிருக்கேன். நீ எழுதிக் குடுத்த கேள்விய மனப்பாடம் பண்ணிட்டு வந்து கத்துவாரு. ஆளு யாருன்னு உனக்குக் காட்ட மாட்டேன். தெரிஞ்சா உன் முகமே காட்டிக் குடுத்துடும்." தானும் வந்தால் சிரித்துத் தொலைத்துவிடுவேன் என்று அவர் ஆபீசிலேயே தங்கிவிட்டார்.

காலையில் இந்தப் பித்தலாட்டத்தை நினைத்து அவள் மனசு உறுத்தத்தான் செய்தது. நடிப்பைப் பார்த்ததும் உறுத்தல் போன இடம் தெரியவில்லை. முழங்கால்வரை நனைந்த பேண்ட், அதில் அசல் சாக்கடை வாடை வேறு. வேஷத்துக்காக இவ்வளவு தூரம் போவாரா என்று வியந்துபோனாள்.

"நான் கீழ்வீட்டுக்காரன்," என்றார் அவர். "மாடியில எவன் எதக் கொட்டினாலும் என் சமையல்கட்டுலதான் பொங்கும். எண்ணெய் தீந்து போச்சுன்னா உங்க கிருமி அடுத்து எதத் திங்கும்? என்னையா?"

"ஒண்ணும் திங்காது சார். பட்டினி கிடந்து செத்துடும். அப்படித்தான் அத உருவாக்கியிருக்கோம்."

"உங்க கண்ணாடிக் குடுவைக்குள்ள சாகும். எங்க குழாய்க்குள்ள சாகும்னு எவன் பாத்தான்?"

இது அவள் எழுதிக் கொடுத்த கேள்வி இல்லை. சொந்தச் சரக்கையும் அவிழ்த்துவிடுகிறாரே என்று அவளுக்கு உற்சாகம் பொங்கியது. தாராளமாகக் கேட்கிறவருக்குத் தாராளமாகவே கொடுத்துவிடலாமே. கேட்பவரே நம்ம ஆள். நாளைக்கு வந்து சட்டையைப் பிடிக்கவா போகிறார்?

"நியாயமான கேள்வி சார். முதல்ல என் வீட்டுக் குழாய்ல ஒரு வருஷம் ஊத்திப் பாக்கறேன். அப்புறம்தான் கடைக்கு வரும்."

"உங்க முதலாளி?"

"அவர் வீட்லயும்தான். நானே போய் ஊத்தறேன்."

"மேல்வீட்டுக்காரன் ஊத்தினா என் வீட்டுக்குத்தான வருது? என்னை ஒரு வார்த்தை கேட்டானா?"

அவள் நெஞ்சில் கை வைத்தாள். "கீழ்வீட்டுக்காரர் சம்மதம் இல்லாம ஒரு சொட்டுகூட விக்க மாட்டோம்!"

"ஏதாவது வில்லங்கம் வந்தா?"

"அர்த்த ராத்திரில கூப்பிட்டாலும் ஓடி வந்து என் கையாலயே சுத்தம் பண்ணித் தரேன். இது சத்தியம்."

அவள் குரல் தழுதழுத்தே விட்டது. குத்துவதற்குத் தூக்கிய கையை அவர் மெதுவாக இறக்கினார். "இப்படிப் பேசறவங்கள நான் பாத்ததே இல்லம்மா" என்று முணுமுணுத்துவிட்டு உட்கார்ந்தார்.

குழுத் தலைவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கம்பெனிக்காரங்க மழுப்பித்தான் கேட்டிருக்கேன். இன்னிக்குத்தான் மனசாரப் பேசிக் கேக்கறேன். அனுமதி குடுத்தாச்சு. ஆனா நீங்க சொன்னதெல்லாம் நடக்குதான்னு வந்து பாக்க எங்ககிட்ட ஆள் இல்ல. அந்தப் பொறுப்ப இந்த ஐயாகிட்டயே விடறோம். ஒண்ணு தப்பினாலும் இவர் புகார் குடுத்தாப் போதும், அனுமதி ரத்து. சம்மதமா?"

கிருமியம்மாவுக்குச் சிரிப்பை அடக்குவது பெரும்பாடாகிவிட்டது. திருடன் கையிலேயே சாவியைக் கொடுக்கிறார்களே!

"ஐயா தங்கமான மனுஷர் மேடம். அவர் வச்சதுதான் சட்டம்" என்று சொல்லி, காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டாள்.

கூட்டம் கலைந்தது. கீழ்வீட்டுக்காரர் அவளிடம் வந்து போன் நம்பர், வீட்டு விலாசம், முதலாளி வீட்டு விலாசம் எல்லாவற்றையும் கேட்டு வாங்கிக்கொண்டார். இன்னமும் வேஷத்தைக் கலைக்காமல் இருக்கிறாரே என்று மெச்சி, யாரும் பார்க்காத நேரமாக அவரைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். அவர் திடுக்கிட்டு, ஈரச் செருப்பு சளக் சளக்கென்று சத்தம் போட வேகமாக நடையைக் கட்டினார்.

மேனேஜருக்கு நல்ல செய்தி சொல்ல போனை எடுத்தபடி வாசலுக்கு வந்தாள். தேய்த்த சட்டையும் படிய வாரிய தலையுமாக ஒருவர் மூச்சிரைக்கப் படியேறி ஓடி வந்தார். அவள் கழுத்தில் தொங்கிய கம்பெனி அட்டையைப் பார்த்ததும் நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மேனேஜர் அனுப்பினாரு மேடம், பஸ்ஸு லேட்டாயிடுச்சு... நான் எங்க நின்னு கத்தணும்?"