இரண்டாவது முழம்

அந்த ஆப்பிரிக்கச் சிற்றூரில் ஆண்கள் மண்சுவர் எழுப்புவார்கள், பெண்கள் பூசுவார்கள். தங்கச் சுரங்கம் சரிந்து அட்டங்கா புதைந்துபோன பிறகு, அவன் மனைவி அபோக்கா தானே சுவரெழுப்பத் தொடங்கினாள். முதல் நாள் ஒரு முழம் எழுப்பினாள். காலையில் பார்த்தால் இரண்டு முழம் இருந்தது. மேல் முழத்தின் ஒவ்வொரு மண்ணுருண்டையிலும் அட்டங்காவின் கட்டைவிரல் பள்ளம்.

“பொம்பள சுவரெழுப்புறது அவனுக்குப் பொறுக்கல. விட்டுரு” என்றாள் பக்கத்து வீட்டு அசிபி.

அபோக்கா மண்வெட்டியால் அந்த முழத்தை இடித்துத் தள்ளினாள். “இது நான் கட்டுற வீடு. நீ போய்த் தூங்கு” என்றாள் ஈரச்சுவரிடம்.

மறுநாள் காலை சுவர் அவள் விட்ட உயரத்திலேயே நின்றது. ஆனால் அடியிலிருந்து முழங்கால் வரை யாரோ பூசியிருந்தார்கள். பழக்கமில்லாத கை. பூச்சு மேடும் பள்ளமுமாக, இன்னும் ஈரமாக இருந்தது.