கண்ணாடி மட்டும் பாக்கி

“இந்தக் கண்ணாடி ஒண்ணுதான மாப்ள பாக்கி? ஒட்டிட்டா முடிஞ்சிருச்சுல்ல?” என்று மறுபடியும் கேட்டார் கூட்டாளி சூசை.

பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைத்துவிட்டு அப்போதுதான் வீடு திரும்பிய பிலோமினாவுக்கு, செருப்பைக் கழற்றும்போதே அது காதில் விழுந்தது.

மேசைமேல் சாண் நீளத்துக்குப் போர் விமானம் நின்றது. விமானப்படையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்ற அவள் புருஷன் ஸ்தனிஸ்லாஸ், பிளாஸ்டிக் துண்டுகளை ஒவ்வொன்றாக ஒட்டி, அரம் போட்டு, சாம்பல் நிறம் பூசி, இறக்கையில் மூவர்ண வட்டமும் ஒட்டி முடித்திருந்தார். விமானி உட்காரும் இடத்தை மூடும் கண்ணாடிதான் மிச்சம்.

“ஆமா. பெயிண்டு செத்த நேரம் காயட்டும்” என்றார் அவர், சுரத்தே இல்லாமல்.

“அது காஞ்சு ரெண்டு நாளாச்சுப்பா!”

மாதா படத்தைத் தொட்டு, ‘இந்த பிளேன் முடியிற வரைக்கும் குடிக்க மாட்டேன்’ என்று ஸ்தனிஸ்லாஸ் சத்தியம் செய்து ஆறு மாதமாகிறது. சத்தியத்தை மீற மாட்டார். அதுதான் வினையே. தவக்காலம் பூராவும் சொட்டுக்கூடத் தொடாதவர், ஈஸ்டர் பூசை முடிந்த கையோடு தெருவில் விழுந்து கிடப்பார். வருஷா வருஷம் தூக்கிக்கொண்டு வந்து அவளுக்கு இடுப்பே விட்டுப்போயிற்று. இனிமேல் தூக்கத் தெம்பில்லை.

நடுவில் விமானத்தின் முன் சக்கரம் காணாமல் போனது. அப்பாடா என்றிருந்தது பிலோமினாவுக்கு. மறுநாளே சூசை ஒரு சட்டைப் பொத்தானை ராவிச் சக்கரமாக்கிக் கொண்டுவந்து நீட்டினார். பூட்டுப் பட்டறைக்காரர், அரம் பிடித்த கை. பிறகு விமானத்தின் மூக்கில் நீட்டிக்கொண்டிருந்த ஊசி தொலைந்தது. ஊக்கை நிமிர்த்தி அதையும் செய்துவிட்டார். கூட்டாளி இல்லாமல் சூசைக்குத் தொண்டையில் இறங்காது.

“நத்தம் ரோட்டு பிராந்திக் கடைக்குப் போயிட்டு வாரேன். நீ ஒட்டி வை மாப்ள” என்று சூசை வண்டியைக் கிளப்பினார்.

ஸ்தனிஸ்லாஸ் பசை டியூபையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏங்க, மூஞ்சி கழுவிட்டு வாங்க. காப்பி போடுறேன். அதுக்கப்புறம் ஒட்டலாம்.”

அவர் கொல்லைப்பக்கம் போனதும் பிலோமினா கண்ணாடியை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். எங்கே ஒளிப்பது? பரணில் கிறிஸ்துமஸ் குடில் பெட்டி கண்ணில் பட்டது. முன்பெல்லாம் அவளுக்குத் தெரியாமல் அவர் பாட்டில் ஒளித்து வைத்த பெட்டி. இப்போது அந்தப் பக்கம் அவர் திரும்புவதே இல்லை. அங்கே தேடவும் மாட்டார்.

ஸ்டூலில் ஏறி, பெட்டிக்குள் இருந்த வைக்கோலில் கையை விட்டாள். ஏதோ தட்டுப்பட்டது. பகீரென்றது.

‘மாதாவே, மறுபடியும் ஆரம்பிச்சிட்டாரா?’

வெளியே எடுத்தாள். பாட்டில் இல்லை, தீப்பெட்டி. திறந்து பார்த்தாள்.

காணாமல் போன முன் சக்கரமும் மூக்கு ஊசியும் பஞ்சுக்குள் பத்திரமாக இருந்தன.