பிடித்த கை

அக்கினியை மூன்று முறை சுற்றி வந்து மணமக்கள் உட்கார்ந்தார்கள். "போதும்மா, மாப்பிள்ளை கையை விட்டுடலாம்" என்றார் ஐயர். நிவேதா விடவில்லை. "இப்பவே இந்தப் பிடி பிடிச்சா எங்க பையன் என்ன ஆவான்!" என்று மாப்பிள்ளையின் அம்மா சொல்ல, மண்டபமே சிரித்தது. பெண்ணின் அப்பா தணிகாசலம் மட்டும் மகளின் விரல்களையே பார்த்தார்.

பிடித்ததை விட முடியாத அந்த நோய் அவருடைய அப்பாவுக்கு அறுபதில் வந்தது, அவருக்கு நாற்பதில். "மரபணுவுல ஒரே எழுத்துங்க திரும்பத் திரும்ப வருது. பிள்ளைக்குப் போறப்ப இன்னும் நீளும், நோயும் முந்திக்கும்" என்று டாக்டர் சொன்னதைப் பற்றி அவர் வீட்டில் மூச்சே விடவில்லை. நிவேதாவுக்கு இருபத்து நான்குதான் ஆகிறது.

மாலையைச் சரிசெய்வதுபோல் குனிந்து, மகளின் மணிக்கட்டைப் பற்றி இழுத்தார். அவள் விரல்கள் திறக்கவில்லை. இப்போது அவருடைய விரல்களும் திறக்கவில்லை. மாப்பிள்ளை சிரிப்பதை நிறுத்திவிட்டு மூன்று கைகளையும் மாறிமாறிப் பார்த்தான்.

நிவேதா மலர்ந்த முகம் மாறாமல் அப்பாவின் காதருகே சாய்ந்தாள்.

"இழுக்காதீங்கப்பா, தானா விட்டுடும். எனக்கு ரெண்டு வருஷமாப் பழக்கம். அதுவரைக்கும் சிரிங்க."