தோற்பதற்கு ஒரு சந்தா

"மாசாமாசம் காசு கட்டித் தோக்குற மனுஷனை எங்கயாச்சும் பாத்திருக்கியாடி?"

தமிழ்ச்செல்வி கேட்டது மகள் சத்யப்ரியாவிடம். கை காட்டியது டிவிக்கு முன்னால் உட்கார்ந்து கிரிக்கெட் கேம் ஆடிக்கொண்டிருந்த வீட்டுக்காரர் ஜெயபாண்டியை.

இன்றைக்கும் தோல்விதான். ஆனால் அந்த முகத்தில் என்னா சிரிப்பு!

மகன் பெங்களூருக்கு வேலைக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போன கேம் பெட்டி அது. ஆடியவன் போய்விட்டான், அதற்குக் கட்டுகிற சந்தா மட்டும் ஜெயபாண்டி கணக்கிலிருந்து போய்க்கொண்டே இருந்தது.

"அந்தச் சந்தாவுல அப்படி என்னதான்டி இருக்கு?"

"நூத்துக்கணக்கில கேம் இருக்கும்மா. மாத்தி மாத்தி ஆடுனா கட்டுற காசுக்குத் தகும். அப்பா இந்த ஒண்ணைத்தானே ஆடுறாரு, அப்ப நஷ்டந்தான்."

"எதிர்த்து ஆடுறது யாரு?"

"நெட்டுல யாராச்சும் வருவாங்க. அப்பாவைத்தான் கேக்கணும்."

கேட்டாள்.

"உனக்கு இதெல்லாம் புரியாது செல்வி. மனசுக்கு ஒரு ஆறுதல், விடேன்" என்றார் ஜெயபாண்டி, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

ஆறுதலாம்! அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வருகிற முகூர்த்தத்தில் சத்யப்ரியாவுக்கு நிச்சயதார்த்தம். தாய்மாமன் வருவாரா என்பதே தெரியவில்லை. இந்த மனுஷனுக்கு ஆட்டம் கேட்கிறது!

தாய்மாமன் என்றால் தமிழ்ச்செல்வியின் கூடப்பிறந்த அண்ணன், பேரையூர் தங்கப்பாண்டி. ரெண்டு வருஷத்துக்கு முன்னால் இந்தத் தல்லாகுளம் வீட்டுக்குக் குடிவந்தபோது தெருமுனையில் ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். அதில் தங்கப்பாண்டி போட்டோ கீழ் வரிசைக்குப் போய்விட்டது. கொண்டுவந்த சீர்வரிசையை இறக்கி வைத்துவிட்டு, கை நனைக்காமல் வண்டியேறிப் போனவர்தான். ஒரு ஃப்ளெக்ஸுக்கு இம்புட்டா என்று கேட்காதீர்கள், மதுரைப் பக்கம் இதற்கு மேலும் நடக்கும்.

"நீங்க ஒரு வார்த்தை கூப்பிட்டா எங்க அண்ணன் வந்துரும்ங்க."

"அவர்தானே கோவிச்சுக்கிட்டுப் போனாரு? அவரே முதல்ல பேசட்டும்."

அங்கே பேரையூரிலும் இதே பேச்சுதானாம், மதினி சொன்னாள். மச்சானும் மாப்ளயும் ஒருத்தருக்கொருத்தர் சளைத்தவர்கள் இல்லை.

தமிழ்ச்செல்வி முடிவு பண்ணினாள். அண்ணனைத்தான் கூப்பிட முடியவில்லை, இந்தத் தண்டச் செலவையாவது நிறுத்தலாம். அவர் குளிக்கப் போன நேரமாகப் பார்த்து மகளிடம் அவர் போனைக் கொடுத்தாள். "அந்தச் சந்தாவை நிறுத்துடி." அந்த மாதக் கெடு முடிந்ததும் அது தானாக நின்றது.

அன்று சாயங்காலம் வழக்கம்போல டிவி முன்னால் உட்கார்ந்தார் ஜெயபாண்டி. 'சந்தா முடிந்தது' என்று வந்தது. அணைத்துப் போட்டார். மறுபடியும் அதேதான்.

"யாரைக் கேட்டு நிறுத்துன?" கத்தியே விட்டார்.

"நான்தான் நிறுத்துனேன், இப்ப என்ன? நீங்க ஒழுங்கா ஆடுறதும் இல்ல, ஜெயிக்கிறதும் இல்ல!"

"அந்த ஆளு காத்துக்கிட்டு இருப்பாரு செல்வி…"

"யாரோ ஊரு பேரு தெரியாதவன் காத்திருக்கான்னு இம்புட்டுப் பதறுறீங்களே, தாய்மாமன் இல்லாம எப்படித் தட்டு மாத்துறதுன்னு நான் அழுதப்ப கல்லு மாதிரித்தானே உக்காந்திருந்தீங்க?"

சொல்லும்போதே அவளுக்கு அழுகை முட்டியது. ஜெயபாண்டி எழுந்து வாசலுக்கும் ஹாலுக்குமாக நடந்தார்.

அப்புறம் கொஞ்ச நேரத்தில் தமிழ்ச்செல்வியின் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தாள். அண்ணன்!

"அண்ணே…"

"ஏத்தா செல்வி, மாப்ளைக்கு உடம்புக்கு என்னத்தா? மறைக்காமச் சொல்லு. நான் கார்ல வந்துக்கிட்டுத்தான் இருக்கேன், கல்லுப்பட்டி தாண்டியாச்சு. எந்த ஆசுபத்திரி?"

"ஆசுபத்திரியா? அவரு வீட்டுல குத்துக்கல்லாட்டம் நல்லாத்தான் இருக்காரு! உடம்பு சரியில்லைன்னு யாருண்ணே சொன்னா?"

"யாரும் சொல்லலத்தா. ரெண்டு வருஷமா ஒருநாள் தவறாம வந்து, வேணும்னே என்கிட்டத் தோத்துட்டுப் போற மனுஷன், இன்னைக்கு ஆட்டத்துக்கு வரலையே!"