மூன்று சட்டை, ஒரே முதலாளி

“ஃபைன் எல்லாம் வேணாம் மிஸ். ஆளப் பிடிச்சு உள்ள போடுங்க.”

புஷ்பவள்ளி இதைச் சத்தமாகவே சொன்னாள். பக்கத்து நாற்காலியில் இருந்த திருநாவுக்கரசுவின் காதில் விழவேண்டும் என்றுதான் சொன்னாள். மனிதர் அசையவில்லை. நெற்றியில் மூன்று பட்டைத் திருநீறு, விரல்களில் நான்கு மோதிரம், முகத்தில் கோயில் அன்னதானத்தில் முதல் கரண்டி சோறு போடுகிறவரின் சாந்தம்.

தொழிலாளர் இலாகா அதிகாரி துளசி, புகார்த் தாளைப் புரட்டினாள்.

“அக்கா, இதுல இவர் பேரு மட்டும்தான் எழுதியிருக்கீங்க. கம்பெனி பேரு?”

“எந்த வருஷத்துப் பேரு மிஸ்? ஸ்கூல் கக்கூஸ் கழுவுற வேலை. முதல்ல பச்சைச் சட்டை குடுத்தாரு, முதுகுல ஒரு பேரு. அந்தக் குத்தகை முடிஞ்சதும் மஞ்சச் சட்டை, வேற பேரு. இப்ப நீலம். சட்டை மாறுறப்பல்லாம் நாங்க புது ஆளாம். பழைய சர்வீஸ் எல்லாம் கக்கூஸ் தண்ணியோட போயிரும். மாறாதது இவரு ஒருத்தருதான்.”

“புஷ்பா, கோவப்படாதம்மா,” என்றார் திருநாவுக்கரசு. குரலில் தேன் வழிந்தது. “நாமல்லாம் ஒரே குடும்பம்லா.”

“குடும்பத்தைப் பாத்துக்குங்க மிஸ். நாலு மாசமாச் சம்பளம் இல்ல. தீபாவளிக்குக் கேட்டதுக்கு ஆளுக்கு ஒரு டப்பா முறுக்கு குடுத்தாரு. அதுவும் உடைஞ்ச முறுக்கு. மகன் கல்யாணத்துல எண்ணூறு பேருக்கு விருந்து. எங்களையும் கூப்பிட்டாரு, மண்டபத்தைக் கூட்ட.”

துளசி தொண்டையைச் செருமிச் சிரிப்பை விழுங்கினாள்.

“எத்தனை பேருக்குப் பாக்கி?”

“பன்னெண்டு பேரு. மத்த பதினோரு பேரும் விடிய ஃபெரி ஏறி வந்து வெளியில உக்காந்திருக்காங்க. எனக்குத்தான் வாய் இருக்குன்னு உள்ள தள்ளி விட்டாங்க.”

சொல்லிவிட்டுப் புஷ்பவள்ளி நாற்காலியை மேசைப் பக்கம் இழுத்துக்கொண்டாள். அதுவரை இருந்த மிடுக்கு கொஞ்சம் இறங்கியது.

“என் மக சாந்தினி காலேஜ நிறுத்திட்டு மாக் மண்டின்ல பேக்டரி வேலைக்குப் போகுது மிஸ். மாசக் கடைசிக்குள்ள ஃபீஸ் கட்டினா மறுபடி சேத்துக்குறேன்னு சொல்லியிருக்காங்க. எனக்கு அந்தச் சம்பளம் வேணும்.”

துளசி திருநாவுக்கரசுவிடம் திரும்பினாள். “நீங்க என்ன சொல்றீங்க?”

“நான் என்னத்தச் சொல்ல? புஷ்பா சொல்றதுல ஒரு வார்த்தை பொய் இல்ல. உழைச்சவங்களுக்குச் சம்பளம் குடுக்காதது பாவம்.”

புஷ்பவள்ளிக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆறு வருடத்தில் இந்த வாயிலிருந்து வந்த முதல் உண்மை. இலாகாவிலிருந்து அழைப்புக் கடிதம் போனதும் ஆடிப்போய்விட்டார் போலிருக்கிறது.

“கேட்டீங்களா மிஸ், அவர் வாயாலேயே சொல்லிட்டாரு. முன்ன மாதிரி கம்பெனிய மூடிட்டு ஓட முடியாதாமே?”

“முடியாதுக்கா. கம்பெனி குடுக்கலன்னா அதோட டைரக்டரையே கோர்ட்ல நிறுத்தலாம்.”

“நிறுத்துங்க. தவணை கேட்டாக் குடுக்காதீங்க. அழுதாலும் இரக்கப்படாதீங்க.”

“அதேதான் என் கருத்தும்,” என்றார் திருநாவுக்கரசு பணிவாக.

இந்தப் பணிவை இவர் எந்தக் கடையில் வாங்கினாரோ என்று புஷ்பவள்ளி உதட்டைப் பிதுக்கினாள். துளசி நீலச் சட்டைக் கம்பெனியின் பெயரைக் கேட்டுக் கணினியில் தட்டினாள். திரையைப் படித்தாள். மறுபடியும் படித்தாள். புகாரோடு இணைத்திருந்த புஷ்பவள்ளியின் அடையாள அட்டை நகலை எடுத்து, எண்களை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுச் சரிபார்த்தாள்.

“அக்கா, நீலச் சட்டை குடுத்தப்போ ஏதாச்சும் கையெழுத்து வாங்கினாரா?”

“நாலஞ்சு இடத்துல போட்டேன். சொக்சோ இன்சூரன்ஸ் பாரம்னாரு. ஏன் மிஸ்?”

துளசி திரையை அவள் பக்கம் திருப்பினாள். கம்பெனிக்கு ஒரே ஒரு டைரக்டர்: புஷ்பவள்ளி, தகப்பன் பெயர் ராமதாஸ்.

திருநாவுக்கரசு சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு புகார்த் தாளை எடுத்து, மேசைமேல் வைத்து நீவிவிட்டார். “நான் அங்க மேனேஜரா மட்டும்தான் மிஸ் இருந்தேன். என்னோட ஆறு மாசச் சம்பளத்தையும் இந்த முதலாளியம்மாகிட்டேயிருந்து வாங்கிக் குடுங்க.”