காலியாக இருந்த மூலை

படத்தின் அந்த மூலை காலியாக இல்லை.

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தாள். காலியாக இல்லவே இல்லை.

திரையில் ஒரு விண்மீன் திரள். நடுவில் கருந்துளை. கிடைத்ததையெல்லாம் விழுங்குகிறது. விழுங்குகிற வேகத்தில் சுற்றியிருப்பதை ஊதியும் தள்ளுகிறது.

அப்படித் தள்ளும்போது கிளம்பும் அதிர்வலை எவ்வளவு தூரம் போகும்? மூன்று வருடமாக அவளுக்குச் சோறும் தூக்கமும் இந்தக் கேள்விதான்.

விளிம்புவரை தேடியும் ஒன்றும் தட்டுப்படவில்லை. ‘அவ்வளவு தூரம் எட்டாது’ என்று கட்டுரையை முடித்துவிட்டாள். நாளை அனுப்ப வேண்டும்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. காலையில் பல் துலக்கும்போது ஒரு சின்ன உறுத்தல்.

நம் வானத்துக்கே கொஞ்சம் வெளிச்சம் உண்டு. அதைக் கழித்தால்தான் தூரத்தில் இருப்பது தெரியும். அதற்காகப் படத்தில் காலியான மூலை ஒன்றை எடுத்து, அந்த வெளிச்சத்தைப் படம் முழுவதிலிருந்தும் கழித்திருந்தாள். எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள்.

காலிதான் என்று யார் சொன்னது?

வேறு திசையில் எடுத்த வானத்தை வைத்துக் கழித்துப் பார்த்தாள்.

மூலை ஒளிர்ந்தது.

அதிர்வலை அதுவரைக்கும் வந்திருக்கிறது. அங்கிருந்த வாயுவை மோதிச் சூடாக்கியிருக்கிறது. தேடிய பொருளையே மகராசி மூன்று வருடமாக அள்ளி அள்ளிக் கழித்திருக்கிறாள்.

சிரிப்பு வந்தது. தனியாக உட்கார்ந்து சத்தம் போட்டுச் சிரித்தாள். கட்டுரை போச்சு. போனால் போகட்டும். இவ்வளவு சந்தோஷமாக அவள் எதிலும் தோற்றதில்லை.

உடனே கணவனிடம் சொல்ல வேண்டும்.

“செல்வின்!”

எட்டிப் பார்த்தாள். சமையலறையிலும் ஆள் இல்லை. வீடு எப்போதும்போல அமைதியாக இருந்தது. ‘எங்கள் வீட்டில் ஊசி விழுந்தாலும் கேட்கும்’ என்று ஆய்வகத்தில் அவள் பீற்றிக்கொள்ளும் அமைதி.

வாசல் கதவு மெல்லத் திறந்தது. செல்வின் சத்தமில்லாமல் செருப்பைக் கழற்றினான். கையில் மிக்ஸி ஜார். அதில் தேங்காய்ச் சட்னி.

“இதைத் தூக்கிட்டு எங்க போனீங்க?”

“எதுத்த வீட்டுக்கு. எப்பவும் அங்கதானே அரைக்கேன். நீ வேலையா இருப்பல்லா, சத்தம் வேண்டாம்னுதான்.”

எப்பவும்.

எழுந்து போய் ஜாரை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

அடிப்பாகம் இன்னும் சூடாக இருந்தது.