தூக்காத கை

ஆரஞ்சுத் தொப்பி இரண்டாவது கொடியைத் தாண்டிவிட்டிருந்தது.

கடற்கரைக் காவல் மேடையில் நின்றிருந்தவன் கண்ணை இடுக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தான். அந்தத் தொப்பியை வாங்கிக் கொடுத்ததே அவன்தான். எவ்வளவு கூட்டத்திலும் மகள் சட்டென்று கண்ணில் படவேண்டும் என்று கடை கடையாகத் தேடி வாங்கியது.

இரண்டு கொடிகளுக்கு நடுவில்தான் குளிக்க அனுமதி. அதற்கு அந்தப் பக்கம் அலையே இருக்காது. குளம் மாதிரி இருக்கிறதே என்று ஆசையாக இறங்குவார்கள். அலை அடங்கிய அந்த இடத்தில்தான் தண்ணீர் கடலுக்குள் திரும்பிப் போகிறது, ஆளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு. இதைத் தினமும் ஒலிபெருக்கியில் தொண்டை வறளக் கத்துகிறான். யாரும் காதில் வாங்குவதில்லை.

இழுத்தால் எதிர்த்து நீந்தாதீர்கள், மிதந்துகொண்டே ஒரு கையைத் தூக்குங்கள் என்றும் சொல்வான்.

மகள் மிதந்துகொண்டிருந்தாள். மேடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கையை மட்டும் தூக்கவில்லை.

பக்கத்து மேடைக்கு விசில் ஊதிவிட்டு, மிதவையை எடுத்துக்கொண்டு ஓடினான்.

நீந்த நீந்தத் தொப்பி தள்ளிப் போனது. பதினோரு வருட வேலையில் எத்தனையோ பேரை இழுத்து வந்திருக்கிறான். பேச்சு வருவதற்கு முன்பே கை தூக்கப் பழகியவள் அவள். அவளுக்கா தெரியாது? தோள் மரத்துப் போயிருக்கும். இல்லை, தசை பிடித்திருக்கும். அதற்கு மேல் நினைக்க அவனுக்குத் தைரியம் இல்லை.

எதிரே தண்ணீர் மேடாக எழுந்தது. தொப்பியைக் காணவில்லை.

மறுபடி தெரிந்தது.

எட்டிப் பிடித்துவிட்டான். உதடு வெளுத்திருந்தது. மூச்சு இருந்தது. கைகளும் நன்றாகத்தான் இருந்தன, அவன் கழுத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டன.

"கைய ஏம்மா தூக்கல?"

"நீ வேலையில இருக்கும்போது தூக்கக் கூடாதுன்னு நீதானப்பா சொன்ன."

போன ஞாயிறு சும்மா விளையாட்டுக்குக் கை தூக்கினாள். அவன் விழுந்தடித்து ஓடி, இடுப்பளவுத் தண்ணீரில் நின்றிருந்தவளை அள்ளித் தூக்க, கரையே சிரித்தது. மானம் கப்பலேறிய கோபத்தில், அத்தனை பேர் முன்னால் அவள் முதுகில் ஒன்று வைத்தான். அப்பா வேலையில் இருக்கும்போது இனிமேல் தூக்கவே மாட்டேன் என்று கையில் அடித்துச் சத்தியமும் வாங்கினான்.

பக்கத்து மேடைக்காரன் படகில் வந்துகொண்டிருந்தான். இவர்கள் இருப்பது தெரியாமல் வேறெங்கோ தேடிக்கொண்டிருந்தான்.

தகப்பன் மகளுடைய வலது கையைப் பிடித்துத் தலைக்கு மேலே தூக்கினான்.

அந்தக் கை விரல்களை மடக்கிக்கொண்டு கீழே இறங்கவே பார்த்தது.